தீவகத் தோட்டமும் வலைக்குடிலும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் நன்னீர் என்பது, சுண்ணக்கற் பாறையினுள்ளே உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் மெல்லிய மழைநீர்ப் படையேயாகும். மிகையாக இறைத்து அதன் மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது நீரியற் கணக்கு. தோட்டத்தில் இடும் செயற்கை உரத்தின் நைத்திரேற்றும் பாறை வெடிப்புகளின் வழியே கிணற்றைச் சேரும். ஆதலின் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் எருவும் குழையும் அளவோடு இட்டுப் பயிரிடுவது, குடிநீரைக் காக்கும் செயலுமாகும்.

குளிர்நாட்டுக் கண்ணாடிக் குடில் வெப்பத்தைச் சேர்த்துவைப்பது. இங்கு வேண்டுவதோ நிழலும் காற்றோட்டமும். நுண்வலைக் குடில் சோளகக் காற்றின் வேகத்தைத் தணிக்கும், பூச்சிகளைத் தடுக்கும், நீர் ஆவியாதலையும் குறைக்கும். அதனால் இறைப்பும் குறையும். குறிகட்டுவானிலிருந்து படகேறி வரவேண்டிய தக்காளியும் மிளகாயும் உள்ளூரிலேயே விளைந்து, வாடாமல் சந்தைக்கு வரும்.