புல்நீலன்

புல்நீலன் என்பது லைசீனிடே குடும்பத்தைச் சேர்ந்த சில சிறு பட்டாம்பூச்சிகளின் பொதுப்பெயர். தமிழ்நாட்டுச் சமவெளிகளில் நான்கு இனங்கள் காணப்படுகின்றன. விரிந்த சிறகின் அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. மட்டுமே. முழங்கால் உயரத்திற்கு மேல் அரிதாகவே பறக்கும்.

பெயரில் புல் இருந்தாலும் இவற்றின் புழுக்கள் புல்லைத் தின்பதில்லை. ஆகவே புல்நீலனைத் தேடுபவர் முதலில் செடியைத் தேட வேண்டும். சிசீரியா கர்சாண்ட்ரா நெருஞ்சியிலும் குப்பைக்கீரையிலும், சூடோசிசீரியா மகா புளியாரையிலும், சிசினா ஓட்டிஸ் தரையில் படரும் அவரைக் குடும்பச் செடிகளிலும் முட்டையிடுகின்றன. நான்கிலும் மிகச் சிறியதான சிசுலா ஹைலாக்ஸ், நீர்முள்ளியின் குடும்பத்துச் செடிகளின் பூமொட்டுகளை நாடும். கடலூர் கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான கரம்புகள், சிதம்பரம் பக்கத்து வாய்க்கால் கரைகள், வயல் வரப்புகள் ஆகியவை இச்செடிகள் வளரும் இடங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து களைகள் தழைத்திருக்கும் மார்கழி, தை மாதங்கள் தேட ஏற்றவை.

சிறகின் மேற்புறத்தை மட்டும் பார்த்து இனம் காண்பது கடினம். ஆண்களின் சிறகு நீலமாக இருக்கும்; பெண்களோ பெரும்பாலும் பழுப்பு. சிறகை மூடி அமர்ந்திருக்கையில் முன்சிறகின் அடிப்புறத்தைக் கவனிக்க வேண்டும். அதன் அடிப்பகுதியை ஒட்டிய நீள்அறைக்குள் ஒரு புள்ளி இருந்தால் அது கர்சாண்ட்ரா அல்லது மகா. மகாவின் ஆண் வெளிர்நீலம், கர்சாண்ட்ராவின் ஆண் கருநீலம். அறைக்குள் புள்ளி இல்லையெனில் மற்ற இரண்டில் ஒன்று. முன்சிறகின் மேல்விளிம்பை ஒட்டிச் சிறு புள்ளிகள் இருந்தால் அது ஹைலாக்ஸ். ஓட்டிஸில் அவை இரா. அதன் பின்சிறகுப் புள்ளிவரிசையில் ஒரு புள்ளி மட்டும் உள்நோக்கி விலகி நிற்கும். கோடையில் மகாவின் புள்ளிகள் மங்கிவிடுவதால் அனுபவமுள்ளவர்களும் தடுமாறுவதுண்டு. கைப்பேசியில் பக்கவாட்டில் எடுத்த தெளிவான ஒரு படம், மேலிருந்து எடுத்த பத்துப் படங்களைவிடப் பயன்படும்.

சம்பா அறுவடைக்குப் பின் விதைக்கும் உளுந்து, பயறு வயல்களில் தென்படும் நீலன் பெரும்பாலும் வேறொன்று. யூக்ரைசாப்ஸ் நீஜஸ் என்னும் அதன் பின்சிறகில் மெல்லிய வால் நீண்டிருக்கும். அருகே செம்மஞ்சள் வளையமிட்ட கரும்புள்ளிகள் தெரியும். புல்நீலன்களுக்கு வாலும் இல்லை, செம்மஞ்சளும் இல்லை.

புல்நீலன்கள் அரிய உயிரினங்கள் அல்ல. எனினும் காலிமனையின் களையை மருந்தடித்து ஒழித்தால் முட்டையும் புழுவும் அச்செடிகளோடு போய்விடும். அடுத்த மழையில் செடி முளைத்தாலும், அருகில் வேறொரு களைக்காடு இருந்தால்தான் பட்டாம்பூச்சி திரும்பி வரும்.