டிக்கெட் எல்லாம் வித்தும் நஷ்டம் வருமா? ஒரு நாள் வேர்ட்கேம்ப்பின் பட்ஜெட் கணக்கு

கோயம்புத்தூரிலிருந்து நம்ம சேனல் சப்ஸ்கிரைபர் ஒருத்தர் கேட்ட கேள்வி இது. "நாங்க அஞ்சு பேர், எல்லாரும் சம்பளக்காரங்க. எங்க ஊர்ல பிளாக் எழுதுறவங்க, வெப்சைட் கட்டுறவங்க எல்லாரையும் ஒரு நாள் ஒண்ணா உட்கார வைக்கணும்னு ஆசை. வேர்ட்கேம்ப் மாதிரி. ஆளுக்கு எவ்வளவு கைக்காசு எடுத்து வைக்கணும்?"

பதில்: பூஜ்ஜியம். ஆனா அந்தப் பூஜ்ஜியத்தைக் கடைசி வரைக்கும் பூஜ்ஜியமாவே வச்சிருக்கிறதுதான் கஷ்டம். அதுக்கான கணக்கைத்தான் இப்போ பார்க்கப் போறோம்.

முதல்ல, தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். வேர்ட்பிரஸ் மென்பொருளை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான மேட் முல்லன்வெக், 2006-ல சான் பிரான்சிஸ்கோவில் முதல் வேர்ட்கேம்ப்பை நடத்தினார். அதுக்கு முந்தின வருஷம்தான் பார்கேம்ப் என்ற திறந்த கூட்ட முறை கலிஃபோர்னியாவில் ஆரம்பிச்சிருந்தது. நம்ம ஊரும் பின்தங்கியில்லை. 2006 செப்டம்பரில் சென்னை டைடல் பார்க்கில் பிளாக்கேம்ப் நடந்தது. 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. ஸ்மார்ட்ஃபோன் கைக்கு வராத காலத்துலயே இதெல்லாம் பண்ணியிருக்காங்க.

வேர்ட்கேம்ப்புக்குன்னு சில விதிகள் உண்டு. அதோட பொருளாதாரமே இந்த விதிகள்லதான் இருக்கு. நடத்துறவங்களுக்குச் சம்பளம் கிடையாது. பேச வர்றவங்களுக்கும் கிடையாது. லாபம் பார்க்கக் கூடாது. டிக்கெட் விலை ஒரு கல்லூரி மாணவர் கொடுக்கிற அளவுக்குக் குறைவா இருக்கணும். காசு கொடுத்த ஸ்பான்சருக்காக மேடையில் பேசுற நேரத்தை விக்கக் கூடாது. இப்படிப் பார்த்தா, டிக்கெட்டே செலவை விடக் குறைவான விலையில் விக்கிற ஒரு வியாபாரம் இது! மிச்சத்தை ஸ்பான்சர்தான் நிரப்பணும்.

இனி கணக்கு. இது முழுக்க உதாரணக் கணக்குதான். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே திரும்பப் போட்டுப் பாருங்க.

ஒரு நாள் நிகழ்ச்சி. டிக்கெட் வாங்கி வர்றவங்க 150 பேர். பேச்சாளர்கள், தன்னார்வலர்கள் 20 பேர். ஆக மொத்தம் 170 இலை. கல்யாண வீட்டுக் கணக்கு மாதிரிதான், மண்டப வாடகை ஒண்ணு, இலைக் கணக்கு இன்னொண்ணு. இரண்டையும் தனித்தனியா எழுதணும்.

மண்டபப் பக்கம்: ஹால் ₹40,000, மைக், புரொஜெக்டர் ₹15,000, பேனர், அச்சு வேலை ₹10,000, வெளியூர்ப் பேச்சாளர்கள் தங்க ₹20,000. மொத்தம் ₹85,000. பத்துப் பேர் வந்தாலும் முந்நூறு பேர் வந்தாலும் இது பெருசா மாறாது.

இலைப் பக்கம்: ஒரு ஆளுக்கு மதியச் சாப்பாடு ₹250, இரண்டு வேளை டீ, பிஸ்கட், வடை ₹80, கழுத்துல மாட்டுற அடையாள அட்டை ₹40, டி-ஷர்ட் ₹250. ஆக ₹620. இதை 170-ஆல் பெருக்கினா ₹1,05,400.

இரண்டும் சேர்த்து ₹1,90,400. எதிர்பாராத செலவுக்கு 10% சேர்த்தா ₹2,09,440. டிக்கெட் ₹500-னு வைப்போம். 150 டிக்கெட்டும் வித்தா ₹75,000. பேமென்ட் கேட்வே 2%, அதுக்கு மேல ஜி.எஸ்.டி.ன்னு கழிச்சா கைக்கு வர்றது ₹73,230. பள்ளம் ₹1,36,210. அதாவது மொத்தச் செலவுல மூணுல ரெண்டு பங்கு கிட்டத்தட்ட ஸ்பான்சர் தலையில.

இங்கதான் எல்லாரும் தப்பா ஒரு முடிவுக்கு வருவாங்க. "பரவாயில்லப்பா, இன்னும் ஐம்பது டிக்கெட் வித்துட்டா சமாளிச்சிடலாம்." சமாளிக்க முடியாது! கூடுதலா வர்ற ஒவ்வொரு ஆளும் ₹500 கொடுக்கிறார், ₹620 செலவு வைக்கிறார். ஆளுக்கு ₹120 நஷ்டம். ஐம்பது பேர் கூடினா பள்ளம் இன்னும் ₹6,000 ஆழமாகும். ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுற அன்னைக்குத்தான் நஷ்டம் உச்சத்துல இருக்கும்.

இப்போ டி-ஷர்ட்டை மட்டும் தூக்கிடுங்க. ஆள் செலவு ₹370 ஆகுது. அதே ஐம்பது பேர் இப்போ ஆளுக்கு ₹130 கொண்டு வர்றாங்க. ஸ்பான்சர் நிரப்ப வேண்டிய பள்ளமும் ₹89,460-க்கு இறங்கிடும். ஒரே ஒரு பொருள், கூட்டம் கூடக் கூட நஷ்டமா, கூடக் கூட உதவியான்னு கணக்கோட திசையையே மாத்திடுது. டி-ஷர்ட் வேணும்னு அடம் பிடிக்கிற நண்பர் ஒருத்தர் எல்லாக் குழுவுலயும் இருப்பார். அவர்கிட்ட சொல்லுங்க: தன்னார்வலர்களுக்கு மட்டும் இருபது அடிக்கலாம், மத்தவங்களுக்கு வேணும்னா அதுக்குன்னு தனி ஸ்பான்சரை அவரே பிடிச்சுட்டு வரட்டும். எல், எக்ஸ்.எல். எத்தனைன்னு தெரியாம அடிச்சு, நிகழ்ச்சி முடிஞ்ச பிறகு யார் வீட்டுப் பரண்லயாவது முப்பது டி-ஷர்ட் தூங்குறதும் மிச்சம்.

இலவச டிக்கெட் வேண்டாம், ₹100 ஆவது வைங்க. சும்மா பதிவு பண்ணிட்டு வராம இருக்கிறவங்களுக்கும் கேட்டரிங்காரர் இலை போட்டுக் காசு வாங்குவார்.

சரி, பட்ஜெட் பேப்பர்ல சரியா வந்துடுச்சு. அடுத்த ஆபத்து தேதியில இருக்கு. ஹாலுக்கு மூணு மாசம் முன்னாடியே அட்வான்ஸ் கேட்பாங்க. கேட்டரிங்குக்கு ஒரு வாரம் முன்னாடி பாதிப் பணம். ஸ்பான்சர் கம்பெனியோ இன்வாய்ஸ் அனுப்புன பிறகு முப்பது நாள், அறுபது நாள்னு சொல்லும், சில சமயம் நிகழ்ச்சி முடிஞ்ச பிறகுதான் பணம் வரும். டிக்கெட் விக்கிற சில தளங்களும் நிகழ்ச்சிக்கு அப்புறம்தான் செட்டில் பண்ணும். வரவு நிச்சயம், ஆனா நேரத்துக்கு வராது. அப்போ குழுவுல ஒருத்தர், "கிரெடிட் கார்டுல போட்டுடலாம், வந்ததும் கட்டிடலாம்"னு சொல்வார். ₹60,000 கார்டுல தங்கிப்போச்சுன்னா, மாசம் 3.5% வட்டி ₹2,100, அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. ₹378. மாசம் ₹2,478. இது எந்த ஸ்பான்சர் பட்ஜெட்லயும் வராது, உங்க சம்பளத்துலதான் கழியும்.

அதனால ஒரு விதி வச்சுக்கோங்க: முதல் ஸ்பான்சர் பணம் கைக்கு வர்ற வரைக்கும் தேதியை அறிவிக்காதீங்க. ஹால் கொடுக்கிற கல்லூரியையே முதல் ஸ்பான்சரா மாத்த முடிஞ்சா இன்னும் நல்லது. அந்த ₹40,000 வரவாவும் வேண்டாம், செலவாவும் வேண்டாம், கணக்கை விட்டே போயிடும்.

மூணாவது, ரொம்ப முக்கியமானது: பணம் யார் அக்கவுண்டுக்கு வருது? "என் ஜிபே நம்பருக்கே போடச் சொல்லுங்க"ன்னு நல்ல மனசோட சொல்றவர்தான் மாட்டுவார். ஸ்பான்சர் கம்பெனி ₹50,000 கொடுக்கும்போது, அதை விளம்பரச் செலவா எழுதி 1% டி.டி.எஸ். பிடிச்சா உங்களுக்கு ₹49,500 வரும். உங்க பான் நம்பர்ல, ஏ.ஐ.எஸ். அறிக்கையில ₹50,000 வரவுன்னு பதிவாகும். வருமான வரித் துறைக்கு அது சமூக சேவையா வியாபாரமான்னு தெரியாது. நீங்கதான் வரவையும் செலவையும் பில்லோட காட்டணும். சம்பளம் மட்டும் இருந்தவரைக்கும் பத்து நிமிஷத்துல முடிச்ச ஐ.டி.ஆர்.-1 படிவம் அந்த வருஷம் உங்களுக்குப் பொருந்தாது, வியாபார வருமானத்துக்கான படிவத்துக்குப் போகணும். பில் தொலைஞ்சிருந்தா, செலவான காசுக்கும் சேர்த்து வரி கட்டுற நிலைமை வரும்.

இதுக்கு வழி இருக்கு. அதிகாரபூர்வ வேர்ட்கேம்ப்னா, பட்ஜெட்டைப் பார்க்கவும் பணத்தைக் கையாளவும் வேர்ட்பிரஸ் அறக்கட்டளையின் துணை நிறுவனம் ஒண்ணு இருக்கு. உள்ளூர்ல மாதாந்திரச் சந்திப்பு நடத்திக் காட்டின குழுவுக்குத்தான் அனுமதி. நீங்களா தனியா நடத்துறீங்கன்னா, ஏற்கெனவே பதிவு பண்ணின சங்கமோ கல்லூரியோ வரவு செலவை அவங்க பேர்ல வச்சுக்கச் சம்மதிக்குமான்னு கேளுங்க. அதுவும் இல்லைன்னா ரொம்ப எளிமையான ஒரு வழி: பணமே வாங்காதீங்க. சாப்பாட்டு ஸ்பான்சர் கேட்டரிங்காரருக்கு நேரா கட்டட்டும், பில் அந்தக் கம்பெனி பேர்லயே இருக்கட்டும். மைக் செட்டுக்கும் அப்படியே. உங்க கையில சுத்துறது டிக்கெட் பணம் மட்டும்தான். வெளிநாட்டுக் கம்பெனி பணம் அனுப்புறேன்னு சொன்னா மட்டும் ஆடிட்டரைக் கேட்காம ஒரு ரூபாய் வாங்காதீங்க.

கடைசியா, பட்ஜெட்ல யாருமே எழுதாத ஒரு வரி: ரத்து. ஆசியா முழுமைக்குமான முதல் வேர்ட்கேம்ப் 2020 பிப்ரவரி 21-ல் பாங்காக்கில் தொடங்க இருந்தது. கொரோனா காரணமா ஏறக்குறைய ஒன்பது நாள் முன்னாடி ரத்து பண்ணாங்க. டிக்கெட் விலையைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆனா ஃபிளைட், ஹோட்டல் புக் பண்ணினவங்க நிலைமை வேற. அந்த நிகழ்ச்சி கடைசியில அதே பாங்காக்கில் 2023 பிப்ரவரியில்தான் நடந்தது. உங்க ஊர்ல கொரோனா வேண்டாம், ஒரு புயல் எச்சரிக்கையோ தேர்தல் தேதியோ போதும். ஹால் ஒப்பந்தத்துல "தேதி மாத்தினா அட்வான்ஸ் புதுத் தேதிக்குச் செல்லும்"ங்கிற ஒரு வரியைக் கேட்டு எழுத வாங்குங்க. வாய்வார்த்தை வேண்டாம். டிக்கெட் பக்கத்துலயும் ரத்தானா எத்தனை நாள்ல பணம் திரும்பும்னு முன்கூட்டியே போட்டுடுங்க. அந்த டிக்கெட் பணத்தை நிகழ்ச்சி நாள் வரைக்கும் தொடாம வைக்க முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா, ஸ்பான்சர் இன்னும் போதலைன்னு அர்த்தம், அறிவிப்பை ஒரு மாசம் தள்ளி வைங்க.

மேலே சொன்ன கணக்கு ஷீட்டை வீடியோவில் வரி வரியா போட்டுக் காட்டியிருக்கோம். ஆள் எண்ணிக்கையை மட்டும் 80, 150, 250-னு மாத்திப் பாருங்க. டி-ஷர்ட் வரியை ஒரு தடவை வச்சு, ஒரு தடவை எடுத்து.