விரலில் இருக்கிறது ஊர்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைப் பற்றி இசை ரசிகர்களிடையே ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. சம்மட்டிகளும் பிரஸ் மெஷின்களும் ராப்பகலாக இரைந்த ஊர் அது. அந்த இரைச்சல் ஆஸ்டன் பகுதிப் பையன்கள் நால்வரின் காதில் ஏறி, கிதார் வழியே இறங்கியது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் வந்தது, ஹெவி மெட்டல் பிறந்தது. கதை அத்தனை கச்சிதமாக இருப்பதே சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஆல்பத்தைக் கையில் எடுத்தால் ஊரைக் காணோம். பதிவு செய்தது லண்டனின் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில். அட்டையில் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் மேப்பிள்டர்ஹாமில் ஆற்றோரம் நிற்கும் பழைய மாவாலை. குழுவின் பெயர் மாரியோ பாவா எடுத்த ஒரு திகில் படத்தின் பெயர். பாட்டுகளில் மந்திரவாதி வருகிறான், லூசிஃபர் வருகிறான், பட்டறைத் தொழிலாளி ஒருவன்கூட வருவதில்லை. பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் சில காலம் லூகாஸ் தொழிற்சாலையில் கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்த்தவர். அந்த ஓசையும் ஆல்பத்தில் எங்கும் கேட்கவில்லை.

அதற்காக ஊருக்கும் ஆல்பத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊரைக் காதால் தேடுவதுதான் பிழை. அது கிதார்காரரின் கையில் இருக்கிறது. டோனி ஐயோமிக்கு 17 வயது. தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் வெல்டிங் அவருடைய வேலை. முழுநேரமும் இசைக்கே போய்விடுவதென்று முடிவெடுத்து, வேலையில் அதுவே கடைசி நாள். தகடு வளைக்கும் இயந்திரத்தை இயக்குபவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த இயந்திரத்தில் ஐயோமியை நிறுத்தினார்கள். வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர் என்பதால் தந்தி அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். இதை வெறும் விதி என்று தள்ளலாம். ஆனால் ஆள் வராத நாளிலும் இயந்திரம் நிற்கக் கூடாது என்பது விதியின் ஏற்பாடன்று, தொழிற்சாலையின் ஏற்பாடு. அவர் அதிலிருந்து மீண்ட விதமும் பட்டறை வழிதான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கிதார் தந்தி விறைப்பாக இருந்தது. மெல்லிய பாஞ்ஜோ தந்திகளை வாங்கி மாட்டினார். உறைபோட்ட விரலுக்குத் தொடுவுணர்ச்சி கிடையாது. ஆகவே பல விரல் கேட்கும் நிறைவான கார்டுகளைக் குறைத்து, இரண்டு சுரங்களை மட்டும் சேர்த்து அழுத்தி, அவற்றைப் பருமனாக ஒலிக்க வைக்கும் வழிக்குப் போனார். தந்தியைத் தளர்த்திச் சுருதி இறக்கியதையும் இந்த முதல் ஆல்பத்தின் கணக்கிலேயே பலர் சேர்க்கிறார்கள். அது தவறு, பெயர்பெற்ற அந்தத் தாழ்சுருதி 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான் நிலைபெறுகிறது.

முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மழை, மணியோசை, பிறகு மூன்றே சுர அசைவுகள்: கீழ் சுரம், அதன் மேல்ஸ்தாயி, அங்கிருந்து ஓர் உறுத்தலான இறக்கம். மேற்கத்தியர் 'சாத்தானின் இடைவெளி' என்று பயந்த சேர்க்கை இது. தேவாலயமே தடை செய்திருந்தது என்ற பேச்சு மிகையானது. நம் கணக்கில் இது சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம்தான். கல்யாணியில் அதைத் தினமும் கேட்கிறோம், யாரும் நடுங்குவதில்லை. ஆக, பயம் சுரத்தில் இல்லை. அதைத் தனியே நிறுத்தி, அடுத்த சுரம் வருமோ வராதோ என்று காக்க வைக்கும் நிதானத்தில் இருக்கிறது. குழுவில் பாஸ் கிதார் வாசித்த கீஸர் பட்லருக்கு, இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பின் மீது இருந்த ஈடுபாடு இதற்கு விதை என்பது உண்மை. ஆனால் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா எழுப்பும் அச்சத்தை ஒற்றைக் கிதாரில் இறக்கி வைக்க, குறைந்த சுரங்களில் அதிகக் கனம் ஏற்றப் பழகிய கை வேண்டியிருந்தது.

பணத் தட்டுப்பாடும் நேரத் தட்டுப்பாடும்கூட ஊர் தந்தவையே. 1969 அக்டோபரில் ஒரே நாளில், சுமார் 12 மணி நேரத்தில், பாட்டுகளைப் பதிவு செய்து முடித்தார்கள். செலவு ஏறக்குறைய 600 பவுண்டு என்பார்கள். ஐயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரின் பிக்-அப் நடுவில் பழுதானது. ரிப்பேர் பார்க்க நேரம் இல்லை. அருகில் இருந்த கிப்சன் எஸ்ஜி கைக்கு வந்தது, பிறகு அதுவே அவருடைய அடையாளமாகிவிட்டது. ஹாம்பர்க்கின் ஸ்டார் கிளப்பில் ஒரே நாளில் பல முறை மேடையேறி வாசித்த குழு அது. ஷிஃப்ட் முடிக்கும் ஆட்களைப்போல வந்தார்கள், வாசித்தார்கள், கிளம்பினார்கள். தயாரிப்பாளர் ரோஜர் பெய்ன் அதை மெருகேற்றப் பார்க்காதது நல்லதாகப் போயிற்று.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. லெட் செப்பலின் குழுவின் ராபர்ட் பிளான்டும் ஜான் பொனமும் இதே வட்டாரத்துக்காரர்கள். அவர்களிடமிருந்து ஏன் வேறு இசை வந்தது? பதில் அந்தக் குழுவின் மற்ற பாதியில் இருக்கிறது. ஜிம்மி பேஜும் ஜான் பால் ஜோன்ஸும் லண்டன் ஸ்டூடியோக்களில் பிறருக்கு வாசித்தே தேர்ந்தவர்கள். பதிவறையை ஒரு வாத்தியமாகவே கையாளத் தெரிந்தவர்கள். பிளாக் சாபத்தில் அப்படி எவரும் இல்லை. இன்னொரு மறுப்பு: ஆல்பத்தில் பாதி ப்ளூஸ், இரண்டு பாட்டுகள் இரவல். உண்மைதான். 'ஈவில் வுமன்' அமெரிக்கக் குழுவான குரோவின் பாட்டு. அது இல்லாவிட்டால் ஆல்பத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. மற்ற இரவலான 'வார்னிங்' தேவைக்கு மேல் நீள்கிறது. ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ், கிரீம் குழுவை மோசமாக நகலெடுத்தது என்ற தொனியில் இதைக் கிழித்தார். 'வார்னிங்'கை மட்டும் கேட்டால் அவர் பக்கம் சாயத் தோன்றும். ஆனால் ஆல்பம் பிரிட்டனில் 8-ஆம் இடம்வரை ஏறியது. பழைய ப்ளூஸின் அரைகுறை நகலாக விமர்சகர் கேட்டதை, புதிதாகவே கேட்டார்கள் வாங்கியவர்கள்.

தொழிற்சாலை இரைச்சல் என்ற கதை வலுப்பெற்றது பிற்பாடுதான் என்று நினைக்கிறேன். அதே வட்டாரத்தின் ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 1980-இல் தன் ஆல்பத்துக்கு 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்று பெயர் வைத்தது. தயாரித்தவர் டாம் அல்லம். பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்தில் ஒலிப்பதிவாளராக இருந்தவர். அந்த ஆண்டுதான் பிரிட்டனின் எஃகுத் தொழிலாளர்கள் நாடு முழுதும் வேலைநிறுத்தம் செய்தார்கள். உலை எரிந்த காலத்தில் உலையைப் பாட யாருக்கும் தோன்றவில்லை. அது அணையப்போகும் நேரத்தில் பெயராயிற்று. 1970-இல் ஆஸ்டன் பையன்களுக்குத் தொழிற்சாலை என்பது தப்பி ஓட வேண்டிய இடம். அதனால்தான் மந்திரவாதியும் லூசிஃபரும். அந்த இருட்டிலும் பாதி கேலி: 'என்ஐபி' என்ற தலைப்பைப் பெரிய ரகசியச் சுருக்கம் என்று ரசிகர்கள் துருவினார்கள், டிரம்ஸ் வாசித்த பில் வார்டின் தாடி பேனா நிப்பைப்போல இருந்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். எழுந்து நிற்க முடியாத ஆஸி சிம்மாசனம்போன்ற நாற்காலியில் அமர்ந்து பாடினார். அடுத்த பதினேழாம் நாள் இறந்தார். அந்த இரவு நால்வராக வாசித்த நான்கு பாட்டுகளில் முதல் ஆல்பத்திலிருந்து வந்தது ஒன்றே ஒன்று, அந்தத் தாடிப் பாட்டு. ஐயோமியின் இரண்டு விரல்களில் அன்றும் உறை இருந்தது.