லோரி மோதினால் நமக்குள்ள உரிமை



தீபாவளி நெருங்கினால் நம் தோட்டத்துக் குடும்பங்கள் மஸ்ஜித் இந்தியாவுக்கு ஒருமுறையாவது போய் வராமல் இருப்பதில்லை. பிள்ளைகளுக்குச் சட்டையும் தாய்க்குச் சேலையும் வாங்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிள்ளான் பக்கம் திரும்புவோம். அப்படித் திரும்பிய ஒருவரைச் சரக்கு லோரி ஒன்று மோதித் தள்ளியது. அவர் நம் பள்ளி மாணவன் ஒருவனின் தகப்பனார். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மருத்துவமனைக் கட்டிலருகே ஒருவர் வந்தார். "அம்மா, செலவுக்கு 3,000 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றார். அந்தத் தாய் பேனாவைக் கையில் எடுத்தும்விட்டார். ஆறாம் ஆண்டில் படிக்கும் மகன் தாளை வாங்கிப் படித்தான். இதுவே இறுதித் தீர்வு, இனி எந்த நட்ட ஈடும் கேட்கமாட்டோம் என்று மலாய் மொழியில் எழுதியிருந்தது. "வேண்டாம்மா" என்றான் பையன். அந்தக் குடும்பத்துக்காக நாம் அலைந்து கேட்டறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்கிறோம்.

முதலாவது, போலீஸ் புகார். விபத்து நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வாகனமோட்டி புகார் செய்யவேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். அடிபட்டவர் எழ முடியாமல் கிடந்தால் வீட்டார் போய் விவரத்தைத் தெரிவிக்கலாம். லோரியின் எண், கதவில் எழுதியுள்ள நிறுவனப் பெயர், பார்த்தவர்களின் பெயர், தொலைபேசி எண் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, பணம் கொடுப்பவர் யார்? ஓட்டுநர் ஏழையாயிற்றே, அவரிடம் என்ன கிடைக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வேலையின்போது ஓட்டுநர் செய்த தவற்றுக்கு அவருடைய முதலாளியும் பொறுப்பாளி. சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும், பிறருக்கு நேரும் காயத்துக்கும் மரணத்துக்குமான காப்புறுதி கட்டாயம். ஆனால் லோரியின் பின்தட்டில் இனாமாக ஏறிச் செல்பவருக்கு அந்தக் காப்புறுதி கட்டாயமில்லை. இதைத் தோட்டத்து இளைஞர்கள் மறக்கக்கூடாது.

2025 மே 13ஆம் நாள், தெலுக் இந்தானில் சித்திரா பௌர்ணமித் திருவிழாக் காவலை முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனமும் கல் ஏற்றிய லோரியும் மோதி 9 போலீசார் மாண்டதை நாம் அறிவோம். லோரி ஓட்டுநர்மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. அப்படிப்பட்ட வழக்கு தண்டனைக்கானது. நட்ட ஈட்டுக்கு நாம் தனியே சிவில் வழக்குப் போடவேண்டும். தொகை எவ்வளவு பெரிதானாலும் சாலை விபத்து வழக்கைச் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம்.

மூன்றாவது, காலக்கெடு. தீபகற்ப மலேசியாவில் காயத்துக்கு 6 ஆண்டுக்குள்ளும், இறந்தவரை நம்பியிருந்தோர் 3 ஆண்டுக்குள்ளும் வழக்குத் தொடுக்கவேண்டும். அரசாங்க வாகனமென்றால் 36 மாதம்.

வலிக்கும் ஊனத்துக்கும் ஒரு தொகை, மருத்துவச் செலவு, இழந்த சம்பளம் இவையெல்லாம் கேட்கலாம். மரணமானால், அவரை நம்பியிருந்த மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோருக்கு ஆதரவு இழப்புத் தொகை உண்டு. அதோடு, சட்டம் குறிக்கும் நெருங்கிய உறவினருக்குத் துயர இழப்பீடாக 30,000 வெள்ளி உண்டு. 2019 செப்டம்பருக்கு முன் இது 10,000 வெள்ளியாக இருந்தது. நம் பக்கமும் தவறிருந்தால் அந்த அளவுக்குக் குறையும். ஒரு லட்சம் வெள்ளி கணக்கிட்டு, நம் தவறு நூற்றுக்கு 30 என்று தீர்ப்பானால், கையில் வருவது 70,000.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால் சொக்சோவிலும் கோரலாம். தோட்ட அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்கவேண்டும்.

தாய்மார்களே, தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வழக்கு வென்றால் மட்டும் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் செய்வதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. வசதியில்லாதவர்கள் சட்ட உதவித் துறையிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் கேட்டுப் பாருங்கள்.

இன்றே வீட்டில் ஒரு தகரப் பெட்டியை ஒதுக்குங்கள். விபத்து என்று ஒன்று நேர்ந்தால் புகார் நகல், மருத்துவ விடுப்புச் சீட்டு, மருந்து ரசீது, சம்பளச் சீட்டு எல்லாம் அதில் சேரட்டும். வழக்கில் பேசப்போவது அந்தத் தாள்கள்தாம்.

அந்தத் தந்தையின் வழக்கு முடிய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. கால் பழையபடி ஆகவில்லை. செம்பனைக் குலை வெட்ட இனி அவரால் முடியாது. ஆனால் கிடைத்த நட்ட ஈட்டில் கடன் தீர்ந்தது, பையனின் படிப்பும் நிற்கவில்லை. படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் கொடுங்கள். பிள்ளைக்கும் புரியாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். நாங்கள் இருக்கிறோம்.