ஓரிடத்தான்களும் காலக் கணிப்பும்

தமிழ்நாட்டு அகழாய்வு அறிக்கைகளில் 'கரிமம்-14 முறையால் கணிக்கப்பெற்ற காலம்' என்னும் தொடர் இந்நாளில் அடிக்கடி காணப்படுகின்றது. எழுத்தின் தொன்மையையும் சங்க காலத்தின் மேல் எல்லையையும் ஆராய்வோர் சிலர் அதனை முடிந்த சான்றாகக் கொள்கின்றனர். சிலர் முற்றும் ஐயுறுகின்றனர். இருசாராரும் அவ்வெண் பிறக்கும் வகையை அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஆதலின் அணுவின் அமைப்பு, ஓரிடத்தான், நிறை நிறமாலைமானி ஆகிய மூன்றையும் முறையே விளக்கி, அக்கருவி கூறும் செய்தி எதுவரை செல்லும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. அணுவின் அமைப்பு

'அணு' என்னும் சொல் தமிழ் நூல்களுக்குப் புதியதன்று. மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் ஆசீவகரின் அணுக் கொள்கை விரித்துரைக்கப்படுகின்றது. அணு பிளவுபடாதது, புதிதாய்ப் பிறவாதது என்பது அவர்தம் கோட்பாடு. அணு பிளவுபடாதது என்றே ஐரோப்பிய வேதியியலாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் கருதினர். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தபின் அக்கருத்து தளர்ந்தது. அணுவின் நிறை ஏறத்தாழ முழுவதும் அதன் நடுவிலுள்ள மிகச் சிறிய கருவில் அடங்கியுள்ளது என்பதை 1911-இல் ரதர்போர்டு நிறுவினார். கருவில் புரோட்டானுடன் மின்னேற்றமில்லாத நியூட்ரானும் உண்டு என்பது 1932-இல் சாட்விக்கின் ஆய்வால் வெளிப்பட்டது.

இவற்றுள் ஓர் அணு இன்ன தனிமத்தைச் சார்ந்தது என வரையறுப்பது புரோட்டான்களின் எண்ணிக்கையே. ஆறு புரோட்டான் உடையது கரிமம். ஏழு உடையது நைட்ரஜன். புரோட்டான்களின் தொகைக்கு ஒப்ப எலக்ட்ரான்கள் கருவைச் சூழ்ந்துள்ளன. வேதிவினைகள் யாவும் அவற்றாலேயே நிகழ்கின்றன. நியூட்ரானோ அணுவின் எடையைக் கூட்டுமேயன்றி அதன் வேதிப் பண்பைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றுவதில்லை. எனவே ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்கள் நியூட்ரான் தொகையால் வேறுபட்டு, பண்பால் ஒத்து, எடையால் மட்டும் பிரிந்து நிற்றல் கூடும்.

2. ஓரிடத்தான்

இவ்வாறு வேறுபடும் அணுக்கள் தனிம வரிசை அட்டவணையில் ஒரே இடத்தில் அமைவன. அதுபற்றி அவற்றுக்கு 1913-இல் பிரெடரிக் சாடி 'ஐசோடோப்பு' எனப் பெயரிட்டார். அப்பெயரை அவருக்கு எடுத்துரைத்தவர் மார்கரெட் டாட் என்னும் மருத்துவ அம்மையார். 'ஐசோ' என்பது சமம், 'டோப்போ' என்பது இடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்கள். தமிழகத்து வழங்கும் 'ஓரிடத்தான்' என்பதும், ஈழத்துப் பாடநூல்களில் வழங்கும் 'சமதானி' என்பதும் அப்பொருளைத் தவறாது தாங்கிய ஆக்கங்களே.

இயற்கையில் கிடைக்கும் தனிமங்கள் பல ஓரிடத்தான்களின் கலவையாக உள்ளன. குளோரினின் அணு எடை 35.45 எனப் பின்னமாக இருப்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 35 எடையுடைய அணுக்கள் ஏறத்தாழ முக்காற் பங்கும், 37 எடையுடையவை காற் பங்கும் கலந்திருத்தலே அதற்குக் காரணம் என்க. கரிமத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 98.9 பங்கு கரிமம்-12. எஞ்சியது பெரும்பாலும் கரிமம்-13. ஆறு புரோட்டானும் எட்டு நியூட்ரானும் உடைய கரிமம்-14, இலட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று என்னும் அளவிலேயே உயிர்ப்பொருள்களில் உள்ளது.

3. நிறை நிறமாலைமானி

உருவால் ஒத்த இரு காசுகளைத் துலாக்கோல் பிரித்தறிவதுபோல, பண்பால் ஒத்த அணுக்களை எடையால் பிரித்தறியும் கருவி இது. முப்பட்டகக் கண்ணாடி ஒளியை நிறங்களாக விரித்து வரிசைப்படுத்துதல் போல இக்கருவி அணுக்களை எடைவாரியாக வரிசைப்படுத்துதலின் ஒப்புமை பற்றி அப்பெயர் பெற்றது. உண்மையில் இதன்கண் நிறம் என்பது யாதும் இல்லை.

இதன் தொழில் நான்கு நிலைகளை உடையது. முதற்கண் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கியோ அதனோடு ஒன்றைச் சேர்த்தோ அதனை மின்னேற்றமுடைய அயனியாக்குவர். பின்னர் மின்னழுத்தத்தால் அவ்வயனிகளை ஒரே ஆற்றலுடன் விரையச் செய்வர். மூன்றாவதாக அவை காந்தப் புலத்தினூடே செல்லுங்கால் வளைந்து செல்லும். இலேசானது மிக வளையும், கனமானது குறைய வளையும். இறுதியில் ஒவ்வொரு வளைவின் முடிவிலும் வந்து வீழும் அயனிகளை ஏற்பி எண்ணும். நியான் வாயுவின் 20 எடையுடைய அயனி 20 செ.மீ. ஆரத்தில் வளையுமாயின், 22 எடையுடையது ஏறத்தாழ 21 செ.மீ. ஆரத்தில் வளையும். அச்சிறு இடைவெளியே இரண்டையும் பிரித்தற்குப் போதுமானது.

நியானில் இவ்விரு வகை உண்மையைத் தாம்சன் 1912-13-இல் முதன்முதல் கண்டார். அவருடன் பணியாற்றிய ஆஸ்டன் 1919-இல் திருந்திய கருவி ஒன்றை அமைத்துப் பல தனிமங்களின் ஓரிடத்தான்களைப் பிரித்துக் காட்டி, 1922-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

4. கரிமம்-14

விண்ணிலிருந்து வரும் கதிர்களால் மேல் வளிமண்டலத்தில் நியூட்ரான்கள் தோன்றி, நைட்ரஜன் அணுக்களைத் தாக்கிக் கரிமம்-14 ஆக மாற்றுகின்றன. அது கரியமில வாயுவாகித் தாவரத்துட் புகுந்து, உணவு வழியே விலங்கையும் அடைகின்றது. உயிர் உள்ளவரை வரவும் செலவும் ஒத்து நிற்கும். இறந்தபின் வரவு நின்றுவிடும். இருந்த கரிமம்-14 சிதைந்து 5,730 ஆண்டில் பாதியாகும்; மேலும் 5,730 ஆண்டில் காற்பங்காகும். 2,500 ஆண்டுகட்கு முன் விளைந்த நெல்லில் இன்று ஏறத்தாழ 74 விழுக்காடு எஞ்சியிருக்கும்.

இதனைக் காலக் கணிப்புக்குப் பயன்படுத்திய லிபி 1960-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் முறை, அணு சிதையும்போது வெளிப்படும் கதிரை எண்ணுவது. இன்றைய உயிர்ப்பொருளிலிருந்து பெறும் ஒரு கிராம் கரிமத்தில் கரிமம்-14 அணுக்கள் ஏறத்தாழ ஆறாயிரம் கோடி உள. அவற்றுள் ஒரு நிமிடத்தில் சிதைவன 14 அளவினவே. ஆதலின் மிகுந்த பொருளும் நெடிய காத்திருப்பும் வேண்டியிருந்தன. சிதையும்வரை காத்திராமல் அணுக்களையே எண்ணும் முடுக்கி நிறை நிறமாலைமானி முறை 1977-இல் தோன்றியது. கரிமம்-14 போன்றே 14 எடையுடைய நைட்ரஜன் இதற்குப் பெருந்தடையாக இருந்தது. நைட்ரஜனின் எதிர்மின் அயனி நிலைத்து நில்லாது. கரிமத்தினது நிலைத்து நிற்கும். அயனிகளை எதிர்மின் வகையாகத் தொடங்குதலால் அத்தடை நீங்கிற்று. ஒரு மில்லிகிராம் கரிமமே இன்று போதுமாகையால் ஒற்றை நெல்மணியும் சான்றாகும் தகுதி பெற்றது.

5. எண்ணின் பொருள்

இக்கணிப்பைக் கையாள்வோர் மூன்றனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, அளவையில் நூற்றில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால் காலத்தில் ஏறத்தாழ 80 ஆண்டு வேறுபடும். ஆதலின் எண்ணை அடுத்து வரும் கூட்டல் கழித்தற் குறியை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுதல் முறையன்று.

இரண்டாவது, வளிமண்டலத்தில் கரிமம்-14-இன் அளவு எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. மரங்களின் ஆண்டு வளையங்களை அளந்து அமைத்த அட்டவணையைக் கொண்டு கணிப்பைத் திருத்துவர். கி.மு. 800 முதல் 400 வரை அவ்வளவு குறைந்துகொண்டே வந்தமையால், முற்பட்ட பொருள் மிகுதியாகத் தொடங்கி மிகுதியாக இழந்தது. பிற்பட்டது குறைவாகத் தொடங்கிக் குறைவாக இழந்தது. அதனால் இன்று இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டும். தமிழ் எழுத்தின் தொடக்கம் பற்றிய வழக்கு இந்நானூறு ஆண்டுகளையே பெரிதும் பற்றியதாதலின், இதனை நாம் மறத்தலாகாது. கீழடியில் 2018-இல் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கூறப்பெற்ற கி.மு. 580-உம், பொருந்தல் நெல்லுக்குக் கூறப்பெற்ற கி.மு. 490-உம் இவ்விடைவெளியுள் அடங்குவன. இவ்விரண்டையும் தனித்த ஆண்டுகளாகக் கொண்டு ஒன்று மற்றொன்றினும் 90 ஆண்டு முந்தியது என வாதிடுதல் பொருந்தாது.

மூன்றாவது, கருவி கூறுவது உயிர் ஒன்று இறந்த காலத்தையே. எழுத்துப் பொறித்த காலத்தை அன்று. பானையோட்டுக் கீறலில் எண்ணத்தக்க கரிமம் இல்லை. மரக்கரியாயின், நடுவயிரத்தின் வளையங்கள் மரம் வெட்டப்படுவதற்கு நெடுநாள் முன்னரே வளர்ச்சி நின்றவை. எனவே கணிப்பு உண்மைக் காலத்தினும் முற்படும். நெல்லோ ஓராண்டுப் பயிர். அந்நாளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கா. இராசன் பொருந்தலில் அகழ்ந்த ஈமக்குழியில் நெல் நிறைந்த கலமும் எழுத்துப் பொறித்த பிரிமனையும் ஒருங்கே கிடைத்தமையே அச்சான்றின் வலிமை. நெல்லுக்குரிய காலத்தை எழுத்துக்கும் உரியதாக்குவது அவ்வுடனிகழ்ச்சியேயன்றிக் கருவி அன்று.

எனவே அணுவை எண்ணுதல் இயற்பியலார் கடன். அணுவுக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை மண்ணடுக்கால் நிறுவுதல் அகழாய்வாளர் கடன். எழுத்தின் வடிவையும் மொழியையும் ஆராய்ந்து அம்முடிவோடு ஒப்பிடுதல் தமிழாய்வாளராகிய நம் கடன். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றாக மயங்காதவழி மூன்றும் ஒன்றற்கொன்று துணையாகும். காலத்தைக் குறிக்குமிடத்து ஒற்றை ஆண்டைச் சுட்டாது, திருத்திய கால எல்லையையும் கணித்த பொருளையும் அது கிடைத்த அடுக்கையும் சேர்த்து எழுதும் வழக்கை நம் ஆய்வேடுகள் மேற்கொள்ளுதல் வேண்டும்.