ஜெராக்ஸ் தாளில் வளர்ந்த இசை

கேரேஜ், பங்க், கிரஞ்ச் மூன்றும் ராக் இசையின் முரட்டுக் கிளைகள். கிடார் கரகரக்கும், டிரம்ஸ் அதிரும், பாட்டின் சொற்கள் அந்த இரைச்சலுக்குள் பாதி மறைந்துபோகும். மூத்தது கேரேஜ். அது 1960-களின் நடுவில் அமெரிக்கச் சிற்றூர்களில் உருவானது. பத்தாண்டு கழித்து நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் எழுந்தது. கிரஞ்ச், 1980-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரத்திலிருந்து வந்தது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் இம்மூன்றின் பக்கமும் தாமதமாகத்தான் திரும்பிப் பார்த்தன. அதுவரை இந்த இசையைத் தேடிச் சேர்த்து, அதைப் பற்றி எழுதி, பிறர் காதுக்குக் கொண்டுபோனவர்கள் ரசிகர்கள். சில நேரம் அதற்குப் பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான்.

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதை ஏழு கோடிப் பேருக்கு மேல் பார்த்ததாகக் கணக்கு. அதன் பிறகு ஊருக்கு ஊர் பள்ளிப் பையன்கள் கிடார் வாங்கிக் குழு தொடங்கினார்கள். அப்பாவின் கார் நிற்கும் கொட்டகையில் பயிற்சி நடந்தது; கேரேஜ் என்ற பெயருக்கு அதுவே காரணம். மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த, மெக்சிகோ வழிவந்த பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்த 'கொஸ்டின் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸ்' குழுவின் பாட்டு 1966-இல் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. போர்ட்லண்டில் பதிவான கிங்ஸ்மென் குழுவின் 'லூயி லூயி' வேறு வகையில் பேர்பெற்றது. அதில் ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்று புகார் வர, அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. இரண்டு ஆண்டுக்கு மேல் அந்த ஒரு பாட்டை ஆராய்ந்தது. தட்டை எந்த வேகத்தில் ஓட்டினாலும் என்ன பாடுகிறார்கள் என்றே புரியவில்லை என்பதுதான் கடைசியில் கிடைத்த முடிவு.

இவை விதிவிலக்குகள். பெரும்பாலான குழுக்கள் ஒன்றிரண்டு சிறு தட்டுகளோடு முடிந்துபோயின. பையன்கள் கல்லூரிக்குப் போனார்கள், சிலர் வியட்நாம் போருக்கு அழைக்கப்பட்டார்கள். விற்காத தட்டுகள் பழைய பொருள் கடைகளின் தள்ளுபடிப் பெட்டியில் கிடந்தன.

அந்தப் பெட்டிகளைக் கிளறியவர்களில் லென்னி கே ஒருவர். நியூயார்க்கில் பழைய இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தபடி பத்திரிகைகளுக்கு இசை பற்றி எழுதிவந்தவர். எலெக்ட்ரா நிறுவனத்துக்காக அவர் தேர்ந்தெடுத்த 27 பாட்டுகள் 1972-இல் 'நக்கெட்ஸ்' என்ற இரட்டைத் தட்டாக வெளிவந்தன. தொகுப்போடு அவர் எழுதிய குறிப்பில் 'பங்க் ராக்' என்ற சொல் இடம்பெறுகிறது. லண்டன் பங்க் பிறக்க இன்னும் நான்கு ஆண்டு இருந்தது. 'நக்கெட்ஸ்' உடனே பெரிதாக விற்கவில்லை. ஆனால் பின்னாளில் குழு தொடங்கிய பலரின் அலமாரியில் அது இருந்தது. கலிஃபோர்னியாவின் கிரெக் ஷா 1970-இலிருந்து 'ஹூ புட் த பாம்ப்' என்ற ரசிகர் இதழில் அதே வேலையைச் செய்தார். மறந்துபோன குழுக்களைப் பற்றி எழுதியவர், 1974-இல் சொந்தமாகத் தட்டு வெளியிடவும் தொடங்கிவிட்டார். தங்களுக்குள் தொடர்பே இல்லாமல் நூற்றுக்கணக்கான ஊர்களில் வாசித்த பையன்களை ஒரே இசைவகையாக அடுக்கிவைத்தது இவர்களைப் போன்றவர்களின் பிடிவாதம். கேரேஜ் ராக்கின் வரலாறு அது நடந்து முடிந்த பிறகு ரசிகர்களால் எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

கே, ஷா இருவருமே இளமையில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் என்பது தற்செயல் அல்ல. 'ஃபேன்சைன்' எனப்படும் ரசிகர் இதழ் அந்த வட்டத்தில் 1930-களிலேயே வேரூன்றியிருந்தது. ரசிகரே எழுதி, பிரதி எடுத்து, மற்ற ரசிகர்களுக்குத் தபாலில் அனுப்புவார். ஆசிரியருக்கு வரும் கடிதங்கள் அடுத்த இதழில் அச்சாகும். அந்தப் பழக்கம் அப்படியே இசைக்கு இடம்மாறியது.

பங்க் காலத்தில் அது பெருகியது. 1976 ஜனவரியில் நியூயார்க்கில் 'பங்க்' இதழ் வந்தது. கட்டுரைகளைக் கையெழுத்தில் எழுதி, பேட்டிகளைச் சித்திரக் கதைபோல வரைந்திருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் லண்டனின் டெட்ஃபோர்ட் பகுதியைச் சேர்ந்த மார்க் பெரி என்ற வங்கி எழுத்தர் 'ஸ்னிஃபின் க்ளூ' இதழைத் தொடங்கினார். அமெரிக்காவின் ரமோன்ஸ் குழுவைப் பற்றிப் படிக்க ஒரு பத்திரிகை தேடியவர், அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்ததும் தானே உட்கார்ந்து எழுதிவிட்டார். இதழின் பெயரும் ரமோன்ஸ் பாட்டு ஒன்றிலிருந்து வந்ததுதான். தட்டச்சில் கட்டுரை, தடித்த பேனாவால் தலைப்பு, வெட்டி ஒட்டிய படங்கள், ஜெராக்ஸ், ஓரத்தில் ஸ்டேப்ளர் முள் என்று இவ்வளவுதான் அதன் தயாரிப்பு. எழுத்துப்பிழை வந்தால் அடித்துவிட்டு மேலே போய்விடுவார். முதல் இதழ் ஐம்பது பிரதி போல இருக்கும். ஓராண்டில் அது ஆயிரக்கணக்கில் விற்றபோது பெரி இதழையே நிறுத்திவிட்டார். படிப்பவர்கள் தன்னை நம்பியிராமல் ஆளுக்கொரு இதழ் தொடங்க வேண்டும் என்று அதில் எழுதியவர் அவர். பன்னிரண்டு இதழோடு நின்றது அந்தப் பேச்சுக்கு நேர்மையான முடிவு.

பலர் அதைக் கேட்டு நடந்தார்கள். 1977 ஜனவரியில் வந்த 'சைட்பர்ன்ஸ்' என்ற இதழில் மூன்று கிடார் சுரக்கூட்டுகளைக் கையால் வரைந்து, இவை தெரிந்தால் போதும், போய் ஒரு குழு தொடங்கு என்ற பொருளில் குறிப்பு எழுதியிருந்தார்கள். பங்க் பற்றிய நூல்களில் ஓயாமல் எடுத்தாளப்படும் படம் அது. 'ஸ்னிஃபின் க்ளூ'வில் வந்ததாகப் பலர் தவறாக எழுதுவதும் உண்டு.

குழு தொடங்குவது எளிது. தட்டு வெளியிடுவது நிறுவனங்களின் வேலை என்றுதான் அதுவரை பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். மான்செஸ்டர் பகுதியின் பஸ்காக்ஸ் குழு அந்த நினைப்பை உடைத்தது. அவர்கள் நண்பர்களிடமும் வீட்டாரிடமும் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராச்' என்ற நான்கு பாட்டுத் தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பது உறையிலேயே அச்சாகியிருந்தது. அதே ஆண்டு டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் குழு, தங்கள் முதல் தட்டுக்கு ஆன செலவு 153 பவுண்டுதான் என்று கேட்பவர்களுக்குச் சொன்னது. 1978-இல் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு ஒலிப்பதிவு, அச்சு, உறை என்று செலவுக் கணக்கையே உறையில் போட்டுவிட்டது. எந்தத் தொழிலும் தன் அடக்கவிலையை வாடிக்கையாளரிடம் காட்டாது. இவர்களோ வாங்குபவரை அடுத்த இசைக்குழுவாகத்தான் பார்த்தார்கள்.

இப்படி வந்த தட்டுகளையும் இதழ்களையும் மேற்கு லண்டனின் ரஃப் டிரேட் கடை வாங்கி விற்றது, பிறகு மற்ற ஊர்க் கடைகளுக்கும் அனுப்பியது. இரவில் பிபிசி வானொலியில் ஜான் பீல் அவற்றை ஒலிபரப்பினார். பெல்ஃபாஸ்ட் நகரில் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டெர்ரி ஹூலி, 1978-இல் அண்டர்டோன்ஸ் குழுவின் முதல் தட்டை வெளியிட்டார். பீலுக்கு அதிலிருந்த ஒரு பாட்டு பிடித்துப்போய், ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு முறை போட்டார்.

அமெரிக்காவில் இதே உற்சாகம் ஹார்ட்கோர் என்ற இன்னும் வேகமான பங்க் வடிவத்தில் பரவியது. வாஷிங்டன் நகரின் டீன் ஐடில்ஸ் குழு 1980-இல் கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்ந்த சுமார் 600 டாலர் கையில் இருந்தது. அதைப் பங்கு போடாமல் ஒரு தட்டு அச்சிட்டார்கள். 'டிஸ்கார்ட்' நிறுவனம் பிறந்தது. உறைக்குப் பணம் போதவில்லை. கையிலிருந்த வேறொரு தட்டின் உறையைப் பிரித்து, அதன் அளவைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, கத்தரிக்கோலும் பசையுமாக நண்பர்கள் உட்கார்ந்து வெட்டி ஒட்டினார்கள்.

ஊர்களை இணைத்தது தபால். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகர வானொலியில் 1977-இல் நிகழ்ச்சியாகத் தொடங்கிய 'மேக்ஸிமம் ராக்கன்ரோல்', 1982-இல் இதழானது. அதில் பல நாட்டு ரசிகர்கள் தங்கள் ஊரில் என்ன குழு இருக்கிறது, எங்கே கச்சேரி நடக்கிறது என்று அறிக்கை எழுதுவார்கள். அதில் கிடைத்த முகவரிக்கு ஒருவர் கேசட் அனுப்பினால் பதிலுக்கு இன்னொரு கேசட் வரும். தபால்தலைமேல் சோப்போ பசையோ தடவி அனுப்பினால் முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டலாம் என்ற தந்திரமும் கூடவே பரவியது. சட்டப்படி குற்றம்தான், ஆனால் காசில்லாத பையன்கள் கண்டங்களைத் தாண்டிப் பாட்டு பரிமாறியதில் அதற்கும் பங்குண்டு. 1990-களில் எந்த ஊரில் யார் கச்சேரி ஏற்பாடு செய்வார், யார் வீட்டில் படுக்க இடம் கிடைக்கும் என்று பட்டியலிட்ட கையேடும் வந்தது.

கிரஞ்சின் கதையும் ஒரு ரசிகர் இதழில்தான் தொடங்குகிறது. 1980-இல் சியாட்டிலுக்கு அருகிலுள்ள ஒலிம்பியா நகரக் கல்லூரி மாணவர் புரூஸ் பாவிட், 'சப்டரேனியன் பாப்' என்ற இதழை நடத்தினார். பெருநகரங்களை விட்டுவிட்டு, சிற்றூர்க் குழுக்களை வட்டாரம் வாரியாகப் பிரித்து எழுதினார். சில இதழ்கள் தாளில் வந்தன, சில கேசட்டாக வந்தன. பெயர் 'சப் பாப்' என்று சுருங்கியது. பாவிட் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்ததும் அது ஒரு பத்திரிகைப் பத்தியானது. 1986-இல் முதல் தொகுப்புத் தட்டு. பிறகு ஜோனதன் போன்மனோடு சேர்ந்து முழு நிறுவனம். 'கிரஞ்ச்' என்ற சொல்கூட அங்கே முதலில் ஒரு வாசகர் கடிதத்தில்தான் தலைகாட்டியது. பின்னாளில் மட்ஹனி குழுவின் பாடகரான மார்க் ஆர்ம், 1981-இல் 'டெஸ்பரேட் டைம்ஸ்' என்ற உள்ளூர் இதழுக்குத் தன் சொந்தக் குழுவையே திட்டி எழுதிய கேலிக் கடிதம் அது.

சப் பாப் 1988 நவம்பரில் சந்தாதாரர் மன்றம் ஒன்றைத் தொடங்கியது. ரசிகர்கள் முன்பணம் கட்டினால் மாதம் ஒரு சிறு தட்டு வீட்டுக்கு வரும். கையில் காசில்லாத நிறுவனத்துக்கு அந்த முன்பணம் மூச்சுக்காற்று. முதலில் வந்தது எண்ணிட்ட ஆயிரம் பிரதிகள். வாசித்தது நிர்வானா என்ற புதுக் குழு. அவர்களின் முதல் முழு ஆல்பமான 'ப்ளீச்' 606 டாலர் 17 சென்ட் செலவில் பதிவானது. அந்தப் பணத்தைத் தந்த கிடார் கலைஞர் ஜேசன் எவர்மன் அதில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை, ஆனாலும் நன்றிக்கடனாக உறையில் அவர் பெயர் இருக்கிறது.

1991 செப்டம்பரில் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாக வெளியான நிர்வானாவின் 'நெவர்மைண்ட்', அடுத்த ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. உடனே எல்லாருக்கும் கிரஞ்ச் வேண்டியிருந்தது. 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கிரஞ்ச் ரசிகர்களின் பேச்சுவழக்கு என்று ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. கொடுத்தவர் முன்பு சப் பாப்பில் வேலை பார்த்த மேகன் ஜாஸ்பர். அத்தனை சொல்லும் அவர் அந்த நேரத்தில் கற்பனையாகச் சொன்னவை. அவர் பின்னாளில் அதே சப் பாப்பின் தலைவரானார்.

ரசிகர் வட்டம் எல்லாருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை. மேடைக்கு முன்னால் முண்டியடித்த கூட்டத்தில் பெண்களுக்கு இடமே இருந்ததில்லை. 1991-இல் ஒலிம்பியாவிலும் வாஷிங்டனிலும் எழுந்த 'ரயட் கேர்ள்' இயக்கம் அதை நேராகக் கேட்டது. 'ஜிக்சா', 'கேர்ள் ஜெர்ம்ஸ்', 'பிகினி கில்' ஆகிய இதழ்களில் பெண்கள் இசையோடு வன்முறை, உடல், நட்பு பற்றியும் எழுதினார்கள். பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹன்னா, கச்சேரியில் பெண்களை முன்னே வரச்சொல்லி ஆண்களைப் பின்னே அனுப்பினார்.

இன்னொரு குறை, தூய்மை பார்ப்பது. பெர்க்லியில் தன்னார்வலர்கள் நடத்தும் கில்மன் தெரு அரங்கம் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட குழுக்களை அப்போது ஏற்கவில்லை. அங்கேயே வளர்ந்த கிரீன் டே குழு 1990-களில் அப்படி வெளியே நின்றது. 'மேக்ஸிமம் ராக்கன்ரோல்' எது பங்க், எது இல்லை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் கெடுபிடி சிறு நிறுவனங்களைக் காப்பாற்றியதும் உண்மை, பல நல்ல இசைஞர்களைக் காரணமில்லாமல் புண்படுத்தியதும் உண்மை.

புகழ் வந்த பிறகும் ரசிகராகவே இருந்தவர் நிர்வானாவின் கர்ட் கோபெய்ன். கையில் ஒலிம்பியாவின் 'கே ரெக்கார்ட்ஸ்' நிறுவனச் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்தார். 1993 நவம்பரில் எம்டிவி தொலைக்காட்சிக்காகப் பதிவான நிகழ்ச்சியில் பாடிய 14 பாட்டுகளில் 6 பிறருடையவை. அதிகம் அறியப்படாத மீட் பப்பெட்ஸ் குழுவினரை மேடைக்கே அழைத்து அவர்களோடு பாடினார். 1992-இல் லண்டனில், எப்போதோ கலைந்துவிட்ட ரெயின்கோட்ஸ் என்ற பெண்கள் குழுவின் தட்டைத் தேடி ரஃப் டிரேட் கடைக்குப் போனார். தட்டு இல்லை. அக்குழுவின் ஆனா டா சில்வா அருகில் ஒரு பழம்பொருள் கடையில் இருப்பதாகக் கடையில் இருந்தவர் சொல்ல, கோபெய்ன் அங்கேயே போய்விட்டார். அடுத்த ஆண்டு ரெயின்கோட்ஸ் ஆல்பங்கள் கோபெய்னின் குறிப்புரையோடு மறுபதிப்பாயின; குழுவும் மறுபடி ஒன்றுசேர்ந்தது.

'மேக்ஸிமம் ராக்கன்ரோல்' 2019-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. ரயட் கேர்ள் இதழ்களை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகம் தனித் தொகுப்பாகப் பாதுகாக்கிறது.