ஆர்.எக்ஸ்.100-க்கு 'பவர்' ஏற்றும் வாலிபர்களே உஷார்! நடுரோட்டில் பிஸ்டன் பிடிச்சுக்கும்

ராஜபாளையம்:

ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் எத்தனை புது பைக் பறந்தாலும் ஒரு வண்டியின் சத்தம் மட்டும் தனியாகத் தெரியும். அதுதான் யமஹா ஆர்.எக்ஸ்.100. அப்பா ஓட்டிய வண்டியை இன்றைக்கு மகன் ஓட்டுகிறார். சும்மா ஓட்டினால் பரவாயில்லை. 'இன்னும் கொஞ்சம் பவர் ஏத்திக் கொடுங்கண்ணே' என்று பட்டறையில் கொண்டு போய் நிறுத்தும்போதுதான் வினையே ஆரம்பிக்கிறது.

பழைய இன்ஜின் எது வரைக்கும் தாங்கும்? எது முதலில் போகும்? வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் இதோ:

வினாடிக்கு 125 வெடி

ஆர்.எக்ஸ்.100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரானது. 98 சி.சி. இன்ஜின். 11 குதிரை சக்தி. எடை வெறும் 103 கிலோ. எடை கம்மி என்பதால்தான் அந்தப் பாய்ச்சல். கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது 25 வயது தாண்டி விட்டது.

இந்த 11 குதிரை சக்தி கிடைப்பது இன்ஜின் நிமிடத்துக்கு 7,500 சுற்று சுற்றும்போது. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே ஒரு வெடி. அதாவது வினாடிக்கு 125 தடவை பிஸ்டன் தலையில் அடி விழுகிறது. கம்பெனி கணக்குப் போட்டு வைத்த அளவு இது.

பட்டறையில் என்ன செய்கிறார்கள்?

சிலிண்டரில் புகை வெளியேறும் துவாரத்தை அரத்தால் ராவி பெரிசாக்குவது, ஹெட்டைத் தேய்ப்பது, பெரிய கார்புரேட்டர் மாட்டுவது, சைலன்சரை மாற்றுவது. பவர் கூடுவது உண்மைதான். ஆனால் அது கிடைப்பது 9 ஆயிரம், 10 ஆயிரம் சுற்றில்! கீழே, மெதுவாகப் போகும்போது இருந்த இழுவை குறைந்து விடும்.

இங்கேதான் ஒரு கணக்கு இடிக்கிறது. சுற்று கூடும் அளவுக்கு மட்டும் கனெக்டிங் ராடு மேல் இழுவை கூடுவதில்லை. 7,500 சுற்றை 9 ஆயிரம் ஆக்கினால் வேகம் 20 சதவீதம்தான் கூடும். ராடையும் பேரிங்கையும் பிய்க்கும் இழுவையோ 44 சதவீதம் கூடிவிடும். 10 ஆயிரம் சுற்றில் 78 சதவீதம்!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் வடத்தை நினைத்துப் பார்த்தால் புரியும். வடத்தில் ஒரு புரி இற்றுப் போயிருந்தால், இழுக்கிற ஆள் கூடக் கூட அறுவதுதான் சீக்கிரம். பழைய இன்ஜினில் அந்த இற்றுப்போன புரி, வருஷக் கணக்கில் தேய்ந்த கிராங்க் பேரிங்காக இருக்கலாம். ராடாக இருக்கலாம். கிளட்ச் பிளேட்டாகவும் இருக்கலாம்.

எமன் சூடுதான்

அடுத்தது சூடு. பிஸ்டன் அலுமினியம். அது உரசி ஓடும் சிலிண்டர் சுவர் இரும்பு. சூடானால் அலுமினியம் இரும்பைப் போல சுமார் 2 மடங்கு விரியும். இடைவெளி போனதும் பிஸ்டன் சுவரைப் பிடித்துக் கொள்ளும்.

ஏர் பில்டரைக் கழற்றி எறிந்தால் காற்று கூடி, கலவையில் பெட்ரோல் குறையும். சூடு எகிறும். ஆயில் பம்ப்பை எடுத்துவிட்டு டேங்கில் ஆயில் கலந்து ஓட்டினால், பெட்ரோல் குறையும்போது ஆயிலும் சேர்ந்து குறையும். கூடவே தூசியும் உள்ளே போகும்.

ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் நேர் ரோடு கிடைத்ததும், உச்சி வெயிலில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்துப் போகும்போதுதான் பிடிக்கும். பிடித்தால் பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். பின்னால் தென்காசி பஸ் வந்தால் என்ன ஆகும்?

இன்ஜின் திடீரென்று மந்தமானாலோ, 'டிங் டிங்' என்று சத்தம் வந்தாலோ உடனே கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும்.

கம்பெனிக்காரன் செய்தது என்ன?

'போர் போட்டால் பவர் கூடும்' என்பதும் தப்புக் கணக்கு. 50 மி.மீ. சிலிண்டரை 51 ஆக்கினாலும் 98 சி.சி. என்பது 102 சி.சி.தான் ஆகும். போர் போடுவது தேய்மானத்தைச் சரிசெய்ய, பவருக்கு அல்ல. கூடுதல் பவர் வேண்டும் என்றபோது யமஹா 58 மி.மீ. பிஸ்டனோடு 132 சி.சி. சிலிண்டரையே புதிதாகப் போட்டு ஆர்.எக்ஸ்.135 கொண்டு வந்தது.

கார்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் பெரிய இன்ஜின் போட்ட கார்களை 'மசில் கார்' என்பார்கள். நம் நாட்டில் அந்தப் பெயர் வாங்கியது கான்டசா. 1984-ல் வந்தபோது அதில் இருந்தது சுமார் 50 குதிரை சக்தி கொண்ட பழைய இன்ஜின். பவர் போதவில்லை என்றதும் அதையே முறுக்கிக் கொண்டிருக்கவில்லை. ஜப்பான் இசுசூ இன்ஜினையும் 5 கியர் பெட்டியையும் மாற்றினார்கள்.

சட்டமும் சும்மா விடாது

கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம்.

அப்படியென்றால் என்னதான் செய்வது?

பழைய வண்டி மந்தமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வயசுதான்.

* சைலன்சரிலும் புகைத் துவாரத்திலும் அடைத்த கரியை எடுக்க வேண்டும்.
* தேய்ந்த ரிங், கிராங்க் ஆயில் சீல் ஆகியவற்றை மாற்ற வேண்டும்.
* ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்க்க வேண்டும். காபிப் பொடி நிறம் என்றால் நல்லது. வெளுத்திருந்தால் சூடு அதிகம்.
* போர் போட்ட வண்டியை முதல் சில நூறு கிலோ மீட்டர் விரட்டக் கூடாது.
* பிரேக் இன்னும் அதே பழைய டிரம் பிரேக் என்பதை மறக்கக் கூடாது.

இதைச் செய்தாலே தொலைந்துபோன 11 குதிரையும் திரும்பி வந்துவிடும். 103 கிலோ வண்டிக்கு அது தாராளம். அப்பா ஓட்டிய வண்டி பேரன் கைக்கும் போக வேண்டும் என்றால் அந்த 11-ஐத் தாண்ட ஆசைப்படாமல் இருப்பதே நல்லது.